துண்டை அவர் கையில் கொடுங்கள்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் எனக்கு போன் செய்து, "அக்கா, நீங்க வெளிநாட்டுல எல்லாம் வேலை பார்த்தவங்க. பிள்ளைங்களுக்கு உற்சாகமா ஏதாவது பேசணும்" என்றார். "குளிப்பாட்டுறதைப் பத்திப் பேசறேன்மா" என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா அக்கா?" என்று கேட்டார். சாப்பாட்டுக்கு முன்னால்தான் பேசுகிறேன். பயப்பட வேண்டாம்; பந்திக்கு நேரத்தோடு அனுப்பி வைத்துவிடுவேன்.

நான் இங்கே 1974-இல் சேர்ந்தேன். அப்போது இது கல்லூரி இல்லை, நர்சிங் ஸ்கூல். அரசு மருத்துவமனைகளில் 20 ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்துவிட்டு, 2002-இல் இங்கிலாந்துக்குப் போனேன். அந்த ஆண்டுகளில் நம் நாட்டிலிருந்து எத்தனையோ நர்சுகள் போனார்கள். ஐ.சி.யூ.வில் வேலை, பெரிய பெரிய மெஷின் என்று கனவோடு போன எங்களில் பலருக்கு முதலில் கிடைத்தது முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே அதை நர்சிங் ஹோம் என்பார்கள். நம்ம ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கும் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கும் போகிற சின்ன ஆஸ்பத்திரி. நான் சொல்வது அது இல்லை. தானாக எழுந்து நடக்க, குளிக்க, உடுத்த முடியாத முதியவர்கள் கடைசி வரை தங்கியிருக்கிற இடம். 2011-இல் ஊர் திரும்பிய பிறகும் அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில்தான் பத்து ஆண்டுகளுக்கு மேல் பொறுப்பில் இருந்தேன். இப்போது நம் ஊர்களிலும் இப்படிப்பட்ட இல்லங்கள் பெருகி வருகின்றன. இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் நிச்சயம் அங்கே வேலைக்குப் போவீர்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

'பெட் பாத்' என்று சொன்னதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? டிராலி, இரண்டு பேசின், மெக்கின்டாஷ், டிரா ஷீட், சோப்பு, துண்டு, ஸ்க்ரீன். முதலாண்டு செய்முறைத் தேர்வு. வரிசை தப்பினால் மார்க் போச்சு. அதோடு சரி. இரண்டாம் ஆண்டு வந்ததும் ஊசி, சலைன் என்று கவனம் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த பிறகு, "அது ஆயாம்மா வேலை" என்று ஆகிவிடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். 20 ஆண்டுகளில் என் கையால் எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருப்பேன் என்று கேட்டால், மாணவியாக இருந்தபோது செய்ததைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. படித்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள, மலமும் மூத்திரமும் துடைக்கிற வேலை நம் நாட்டில் எந்த வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. அந்த வேலை தாழ்ந்தது என்று நாம் ஒதுங்கியதால் நஷ்டப்பட்டவர் படுக்கையில் கிடக்கிறவர் என்பதை மட்டும் சொல்கிறேன்.

விர்ஜீனியா ஹெண்டர்சன் அம்மையாரின் 14 தேவைகளை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வது அதில் ஒன்று. மூச்சு விடுவது, சாப்பிடுவது, தூங்குவது இவற்றோடு சேர்த்து அதையும் ஒரே பட்டியலில் வைத்தார் அவர். நர்சின் வேலை என்ன என்பதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். அந்த மனிதருக்குப் பலமும் மனமும் அறிவும் இருந்திருந்தால் தனக்குத் தானே எதைச் செய்துகொண்டிருப்பாரோ, அதைச் செய்ய உதவுவது. அதுவும் அவர் சீக்கிரமே தன் காலில் நிற்கும்படியாக உதவுவது. பரீட்சைக்கு நான் இதை எழுதி மார்க் வாங்கினேன். அர்த்தம் புரிந்தது 46 வயதில், ஒரு கிழவியிடம் அடி வாங்கிய பிறகு.

அந்தக் கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் நான் வேலை பார்த்த இல்லத்தின் பெயர் வேண்டாம். அங்கே குளியல் பட்டியல் என்று ஒன்று சுவரில் தொங்கும். திங்கட்கிழமை இன்னார், செவ்வாய்க்கிழமை இன்னார். திங்கட்கிழமைப் பெயர்களில் மறதி நோய் முற்றிய ஓர் அம்மா இருந்தார். மற்ற நேரங்களில் பூனை மாதிரி இருப்பார். ஷவர் நாற்காலியில் உட்கார வைத்தால் போதும், கத்துவார், கிள்ளுவார், கடிப்பார். நானும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு பத்தே நிமிஷத்தில் முடித்துவிடுவோம். தலையிலிருந்து கால் வரை தண்ணீர். பிறகு நோட்டில் 'குளிப்பாட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நோயாளி முரண்டு பிடிப்பவர் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தில், என் பேனாவால்.

ஒரு நாள் அவர் அறைந்ததில் என் கண்ணாடி உடைந்தது. அன்று மாலை அவருடைய மகள் வந்திருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மாவுக்குச் சின்ன வயசிலிருந்தே முகத்தில் தண்ணீர் விழுந்தால் பயம். எங்கள் வீட்டில் ஷவரே கிடையாது. தினமும் பேசின் முன்னால் நின்று துண்டால் துடைத்துக்கொள்வார்." அவ்வளவுதான் விஷயம். எட்டு மாதமாக நாங்கள் அவரைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறோம். அவர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறு திங்கட்கிழமை அவரை ஷவருக்குக் கொண்டுபோகவில்லை. அறைக்கதவைச் சாத்தி, பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து, சின்னத் துண்டை நனைத்துப் பிழிந்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். தானே முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். காதுக்குப் பின்னால்கூடத் துடைத்தார், நமக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே! மிச்சத்தை நான் செய்தேன். கத்தவில்லை. 25 நிமிஷம் ஆனது. பழைய முறையில் பத்து நிமிஷம். ஆனால் அதற்கப்புறம் அவரைச் சமாதானப்படுத்த முக்கால் மணி நேரம் போகும் என்பதை நாங்கள் கணக்கில் சேர்த்ததே இல்லை.

இது என் சொந்த அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பிலிப் ஸ்லோன் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்த நர்சுகளும் 15 நர்சிங் ஹோம்களில் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். குளிக்கும்போது முரண்டு பிடிக்கும் மறதி நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அவரவர் விருப்பம், பழக்கம் அறிந்து ஷவர். சிலருக்குப் படுக்கையிலேயே துண்டுக் குளியல்: பெரிய துண்டை, அலச வேண்டாத சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, உடம்பு முழுக்கப் போர்த்தி, அந்தத் துண்டின் மேலாகவே மெல்லத் தேய்த்துச் சுத்தம் செய்வது. மேனி வெளியே தெரியாது, குளிரும் அடிக்காது. இரண்டு முறையிலுமே அடிப்பதும் கடிப்பதும் பாதிக்கும் கீழே குறைந்தன. ஷவரில் 53 சதவீதம், துண்டுக் குளியலில் 60 சதவீதம். மருந்து மாத்திரை இல்லாமல் வந்த பலன் இது.

சரி, அது சீமைக் கதை. நம் ஊருக்கு வருவோம்.

நம் இல்லங்களில் ஒரு முதியவர் வந்து சேரும்போது பி.பி., சுகர், அலர்ஜி எல்லாம் எழுதிக்கொள்வோம். குளியலைப் பற்றி எழுத ஒரு வரி கூட இருக்காது. நான் பொறுப்பேற்றதும் அதற்கென்று ஒரு பக்கம் சேர்த்தேன். விடியற்காலைக் குளியலா, சாயங்காலமா? பச்சைத் தண்ணீரா, வெந்நீரா? எண்ணெய் தேய்த்துக்கொள்வது உண்டா, எந்தக் கிழமை? சீயக்காயா, ஷாம்பூவா? யார் தொடலாம், யார் தொடக்கூடாது? குளித்ததும் திருநீறா, நாமமா, குங்குமமா, சிலுவை போட்ட சங்கிலியா, தலையில் தொப்பியா? தாலி, பூணூல், தாயத்து இவற்றைத் தொட அனுமதி உண்டா? கேட்கக் கேட்க அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "இதெல்லாம் யாரும்மா கேக்கறாங்க!" என்பார்கள்.

மானம் என்பது நம் மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். 80 வயதுப் பாட்டி, கட்டின புருஷன் முன்னால்கூட மாராப்பு விலகாமல் வாழ்ந்தவர். அவரை நைட்டியை உருவி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துடைத்தால் அவர் என்ன ஆவார்? பேச மாட்டார். மறுநாளிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். அடிக்கடி நனைந்தால்தானே துடைக்க வருவார்கள் என்று கணக்குப் போடுவார். அப்புறம் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், பிதற்றல், ஆஸ்பத்திரி. இந்தச் சங்கிலியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் முதல் கண்ணி திறந்திருந்த கதவு.

ஆண்களுக்கும் இதேதான். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், ஆண் பணியாளர் வரும் வரை மணிக்கணக்கில் நனைந்த வேட்டியோடு படுத்திருப்பார். பெண்களைக் கிட்டே விடமாட்டார். அவரைக் கோபக்காரர் என்றார்கள். ஆண் பணியாளரின் நேரத்தை மாற்றி வைத்தேன். கோபம் போய்விட்டது. தம்பிமார்களே, இந்தத் தொழிலுக்கு நீங்கள் எவ்வளவு தேவை என்பது இப்போது தெரிகிறதா?

மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்ள வந்திருக்கிறீர்கள் என்பதால், தொழில் விஷயமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். என் ஆசிரியை பார்த்துக்கொண்டிருக்கிறார். தப்பிருந்தால் அவர் எழுந்து சொல்லலாம்.

முதலில் தண்ணீர். வயதானவர்களுக்குச் சூடு உறைப்பது குறைவு. சர்க்கரை நோய் இருந்தால் காலில் சூடே தெரியாமல் போகலாம். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். மாற்றிச் செய்யக்கூடாது. உங்கள் முழங்கை மடிப்பில் தொட்டுப் பாருங்கள், உள்ளங்கையை நம்பாதீர்கள். இங்கிலாந்து இல்லங்களில் குளியல் தொட்டித் தண்ணீர் 44 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது என்று விதி. தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்போம். மின்விசிறியை நிறுத்துங்கள். எல்லாச் சாமானும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பாதிக் குளியலில் சோப்பு எடுக்கப் போகிற நர்ஸ், ஈர உடம்போடு ஒருவரை விட்டுவிட்டுப் போகிறார் என்று அர்த்தம்.

அப்புறம் வரிசை. சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடத்துக்கு. கண்களைச் சோப்பு இல்லாமல், மூக்கு ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக, கண்ணுக்கொரு துண்டு முனை. மறைவிடம் கடைசியில், அதற்கு முன் தண்ணீரையும் துண்டையும் மாற்ற வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னோக்கித்தான் துடைக்க வேண்டும். மலத்துவாரக் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகக் கூடாது. ஆண்களுக்கு முன்தோலை மெல்லப் பின்னிழுத்துக் கழுவிய பிறகு, மறக்காமல் பழையபடி முன்னால் கொண்டுவந்து விடவேண்டும். மறந்தால் வீங்கி, அவசர சிகிச்சை வரைக்கும் போகும். கூச்சப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லிக் கொடுக்காமல் விடுகிறோம், அவதி அவருக்கு.

கையுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலம், மூத்திரம், இரத்தம், புண் இவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். போட்ட கையுறையோடு அடுத்தவரிடம் போகக்கூடாது, கழற்றியதும் கை கழுவ வேண்டும். ஆனால் தோலில் புண் ஏதும் இல்லாத ஒருவருக்குத் தலை சீவவும் கையைப் பிடிக்கவும் கையுறை எதற்கு? சில முதியவர்களை மாதக்கணக்கில் வெறுங்கையால் யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். யோசித்துப் பாருங்கள்.

தோல். வயதானவர் தோல் பழைய பட்டுச்சேலை மாதிரி, இழுத்தால் கிழியும். தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கட்டிச் சோப்பு காரத்தன்மை உள்ளது. தோலின் இயல்பு லேசான அமிலத்தன்மை. அதனால் தினமும் உடம்பு முழுவதும் சோப்புப் போடத் தேவையில்லை. மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, கால் விரல் இடுக்கு இங்கெல்லாம் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், உலர்த்துங்கள். பவுடரைக் கொட்டாதீர்கள், வேர்வையில் குழைந்து கட்டியாகி உறுத்தும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 14 முதியோர் இல்லங்களில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், நாளைக்கு இருமுறை கை கால்களில் ஈரப்பதக் களிம்பு பூசியதில் தோல் கிழிவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நாங்கள் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் பூசினோம். தரையில் சிந்தினால் வழுக்கும், ஜாக்கிரதை.

படுக்கைப்புண். என் காலத்தில் 'பேக் கேர்' என்றால் முதுகில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு நன்றாகத் தேய்ப்பது. அதற்கு மார்க்கும் உண்டு. டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் நர்ஸ் 1962-லேயே, முதுகில் எதைத் தேய்க்கிறோம் என்பதல்ல, அழுத்தத்தைக் குறைப்பதுதான் முக்கியம் என்று எடுத்துக்காட்டிவிட்டார். 12 வருஷம் கழித்தும் நான் ஸ்பிரிட்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு துருத்தும் இடத்தில், அதுவும் நிறம் மாறிய இடத்தில், தேய்க்கவே கூடாது. பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். எத்தனை மணிக்கொரு தரம் என்பது ஆளையும் மெத்தையையும் பொறுத்தது. இன்னொன்று. 'அழுத்தினால் வெளுக்காத சிவப்பு' என்பதுதான் முதல் அறிகுறி என்று பாடப் புத்தகம் சொல்லும். அது வெள்ளைக்காரத் தோலுக்கு எழுதியது. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கருமை கூடியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் இவற்றைத் தினமும் பாருங்கள்.

இதனால்தான் குளிப்பாட்டுவதை முழுக்க அடுத்தவரிடம் விட்டுவிடாதீர்கள் என்கிறேன். ஒரு முதியவரின் உடம்பை உச்சி முதல் உள்ளங்கால் வரை யாராவது பார்க்கிற ஒரே நேரம் அதுதான். மார்பில் கட்டி, புதிதாக வந்த மச்சம், கால் வீக்கம், விரலிடுக்கில் புண் எல்லாம் அப்போதுதான் தெரியும். மேல் கையில் விரல் பதிந்த மாதிரி கன்றிப்போன தடம் இருந்தால், யாரோ முரட்டுத்தனமாகப் பிடித்திருக்கக்கூடும். அது வீட்டு ஆளாக இருக்கலாம், நம் பணியாளராகவும் இருக்கலாம். எழுதி வையுங்கள், மேலே சொல்லுங்கள்.

கடைசியாக வாய். எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். ஜப்பானில் யோனெயாமா என்பவரும் மற்றவர்களும் 11 நர்சிங் ஹோம்களில் இரண்டு ஆண்டு ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கிவிட்டவர்களில் நிமோனியா 11 சதவீதம் பேருக்கு. அந்தக் கவனிப்பு இல்லாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு. பின்னால் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வாய் நாறிக் கிடக்கிறவரிடம் பேரப்பிள்ளை கிட்டே வருமா? அதற்காகவாவது செய்யுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன, மிருதுவான பிரஷால். நினைவில்லாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பல் செட்டை இரவில் கழற்றி, துலக்கி, தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீரில் போட்டால் கோணிக்கொள்ளும். ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதுங்கள். வார்டில் உள்ள எல்லாப் பல் செட்டையும் ஒரே பேசினில் போட்டுக் கழுவிய புது நர்சின் கதையை மெட்ரன்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அது நீங்களாக இருக்க வேண்டாம்!

இத்தனையும் எனக்குத் தெரியும். இதையே வருஷக்கணக்கில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் 2022-இல் என் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் அடுத்தவர் கையை எதிர்பார்த்துக் கிடந்தேன். எங்கே என்பது வேண்டாம்.

முதல் நாள் வந்த பெண் கெட்டிக்காரி. வரிசை தப்பவில்லை. தண்ணீர் மாற்றினாள். முன்னிருந்து பின்னோக்கித் துடைத்தாள். நான் எக்ஸாமினராக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். ஆனால் ஆரம்பித்ததிலிருந்து முடிக்கும் வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற தோழியிடம் லீவு கிடைக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு வார்டு பையன் கதவைத் திறந்துகொண்டு வந்து எதையோ எடுத்துக்கொண்டு போனான். யாரும் எதுவும் நினைக்கவில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நானும் ஒரு நர்ஸ், நாற்பது வருஷ சர்வீஸ் என்று சொல்ல வாய் வரவில்லை. பளிச்சென்று சுத்தமாகத்தான் இருந்தேன். ஆனாலும் அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. எட்டு மாதம் நான் கையைப் பிடித்து அமுக்கிய அந்த அம்மாவின் முகம்தான் கண் முன்னால் நின்றது.

மூன்றாம் நாள் வேறொரு பெண். புதிது. கை நடுங்கியது. சோப்பை மறந்துவிட்டு வந்து, ஓடிப்போய் எடுத்து வந்தாள். ஆனால் முதல் வேலையாக ஸ்க்ரீனை இழுத்து மூடினாள். "அம்மா, இப்போ உடம்பு துடைக்கலாமா, இல்ல கொஞ்ச நேரம் கழிச்சு வரட்டுமா?" என்றாள். "இப்பவே செய்மா" என்றேன். துண்டை நனைத்துப் பிழிந்து, "முகத்தை நீங்களே தொடச்சுக்கிறீங்களாம்மா?" என்று என் கையில் கொடுத்தாள்.

அந்தத் துண்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அழுவது அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று பார்த்தேன். அப்புறம் கழுத்து, கை எல்லாம் நானே துடைத்துக்கொண்டேன். அதற்குள் பேசின் தண்ணீர் ஆறிப் போயிருந்தது. "தண்ணியை மாத்தும்மா, ஆறிடுச்சு பாரு" என்றேன். மூன்று நாளில் அன்றைக்குத்தான் என் பழைய குரல் எனக்கே கேட்டது.

கண்மணிகளே, மிஷின்கள் மாறும், மருந்துகள் மாறும். நான் கற்ற ஸ்பிரிட் மசாஜ் தப்பு என்றானது போல நீங்கள் கற்பதிலும் சில நாளை தப்பென்று ஆகும். ஆனால் கதவைச் சாத்துங்கள், அனுமதி கேளுங்கள், முதல் துண்டை அவர் கையில் கொடுங்கள். இந்த மூன்றும் மாறாது. கை தூக்க முடியாதவர் என்றால், அவர் கையைப் பிடித்து, அந்தக் கையில் துண்டை வைத்து, முகத்தில் ஒரு தரம் ஒற்றச் செய்யுங்கள். அரை நிமிஷம்தான் ஆகும். அவராகச் செய்ய முடிந்ததை நாம் செய்துவிட்டால், நாளடைவில் அது அவருக்கு முடியாததாகவே ஆகிவிடும்.

இரண்டு வேண்டுகோள்களோடு முடித்துக்கொள்கிறேன். ஒன்று, முதல்வர் அவர்களுக்கு. முதலாண்டு மாணவர்கள் பொம்மையின் மீது பெட் பாத் பழகுவதற்கு முன், ஒரே ஒரு நாள், ஒருவரை ஒருவர் படுக்க வைத்து, முகம் துடைத்துவிட்டு, பல் துலக்கிவிட்டு, சோறு ஊட்டிப் பார்க்கட்டும். அடுத்தவர் கையில் பிரஷ் இருக்கும்போது வாயைத் திறப்பது எப்படி இருக்கிறது என்பதைப் பாடத்தால் சொல்ல முடியாது. இன்னொன்று, என் வயதுக்காரர்களான பழைய மாணவர்களுக்கு. சங்கத்தின் சார்பில் ஆண்டுதோறும் நலத்திட்டம் செய்கிறோம். இந்த ஆண்டு நம் ஊர்ப்பக்கம் உள்ள முதியோர் இல்லங்களுக்கு மறைப்புத் திரையும், சக்கரம் வைத்த கமோடு நாற்காலியும் வாங்கிக் கொடுப்போம். பெரிய செலவில்லை. நமக்கும் நாளைக்குத் தேவைப்படலாம், யார் கண்டது!

பந்தி தயாராக இருக்கிறதாம். கை கழுவிவிட்டுப் போங்கள்.